தேடிய இடங்கள்

என் தங்கையை அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் ரசீதம்மா என்பார்கள். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். அவளுக்கும் தெரியும், கண்டுகொள்வதில்லை. பதினான்கு வருடமாக அங்கே அலுவலக எழுத்தர். வெளியாள் யாராவது பள்ளியைப் பற்றி எதையாவது கேட்டு வந்தால், பதில் சொல்ல வேண்டியது அவள் பொறுப்பு. கிழிந்த நோட்டுத் தாளில் நாலு வரி எழுதி நீட்டினாலும், வாங்கி எண் போட்டு, தேதி போட்டு, "பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு சிறு ரசீதைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவாள். எழுதத் தெரியாதவர் வந்தால் அவர் சொல்லச் சொல்லத் தானே எழுதி, வாசித்துக் காட்டி, அதற்கும் ரசீது கொடுப்பாள்.

இது வேலைக்குப் போய்க் கற்றுக்கொண்ட பழக்கம் இல்லை. ஆறு வயதில் என் ரிப்பனை எடுத்துக்கொண்டு போனால், "ரிப்பன் எடுத்தேன், சாயங்காலம் வரும்" என்று சிலேட்டில் எழுதி என் தலையணை மேல் வைத்துவிட்டுப் போவாள். வேன் ஓட்டும் என் வீட்டுக்காரர் சொல்வார், "உன் தங்கச்சி முன்னாடி தும்மினாக்கூட நம்பர் போட்டு வாங்கி வெச்சுக்குவா."

நான் எட்டாவதோடு நின்றவள். புத்தகம் கட்டும் கடையில் தாள் மடிக்கச் சேர்ந்தேன். தையல், பசை, அட்டை என்று ஒவ்வொன்றாகக் கை படிந்தது. முதலாளி போன பிறகு கடையை நான்தான் நடத்துகிறேன். எனக்கும் ஒரு பழக்கம் உண்டு. கட்டின ஒவ்வொரு புத்தகத்துக்கும் என்ன நூல், என்ன துணி, அட்டைக்குள் என்ன போட்டேன் என்று நோட்டில் ஒரு வரி எழுதி வைப்பேன். முப்பது வருட நோட்டுகள் பரணில் இருக்கின்றன. அதனால் ஒரே மரத்துக் காய் என்று எங்கள் இரண்டு பேரையும் சேர்த்தே திட்டுவார்கள்.

தங்கை அந்த மேசைக்கு வருவதற்கு முன் அங்கே இருந்தவர், வந்த விண்ணப்பங்களை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிடுவாராம். கேட்டவர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு அலுத்துப் போய்விடுவார். இவள் வந்த முதல் வாரம் கண்ணாடியைத் தூக்கினாள். பதினேழு தாள்கள் இருந்தன. பதினேழு பேருக்கும் பதில் எழுதினாள். இரண்டு பேர் காலமாகிவிட்டிருந்தார்கள். அவர்கள் வீட்டிலிருந்து வந்த கடிதங்களுக்கும் எண் போட்டாள்.

அவள் கேட்பது மூன்றே கேள்வி. எது வேண்டும், எந்த வருடத்தது, பதில் எங்கே அனுப்ப வேண்டும். எதற்கு என்று கேட்க மாட்டாள். தலைமையாசிரியைக்கு முதலில் இது பிடிக்கவில்லை.

"எதுக்குக் கேக்கறார்னு ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டா என்ன குறைஞ்சிடும்?"

"காரணம் கேட்டா, அந்தக் காரணம் பிடிக்கலைன்னா குடுக்காம இருக்கலாம்னு நமக்கே தோணிடும் மேடம்."

மேடம் கெட்டவர் இல்லை. பள்ளிக்கு ஏதும் வந்துவிடக் கூடாதே என்று எப்போதும் ஒரு பயம், அவ்வளவுதான்.

ஒரு தகப்பனார் வந்து, பெண் பிள்ளைகளின் கழிவறைக் கதவுகளில் எத்தனைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது என்று எழுதிக் கேட்டார். அப்படி ஒரு பதிவேடு எந்தப் பள்ளியில் இருக்கும்? "இது குறித்துப் பதிவேடு ஏதும் இல்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம், அதுவே போதும் என்றார் மேடம். இவள் அந்த வரியை எழுதினாள். அதற்குக் கீழே, "இன்று காலை பத்தே முக்காலுக்கு நேரில் எண்ணியதில் கதவுகள் பதினான்கு, தாழ்ப்பாள் உள்ளவை ஒன்பது" என்று இன்னொரு வரியும் எழுதினாள். கையெழுத்துக்குப் போன தாள் இரண்டு நாள் திரும்பி வரவில்லை. மூன்றாம் நாள் தச்சர் வந்தார். ஐந்து தாழ்ப்பாள் ஏறியது.

"இப்ப பதினாலுன்னு மாத்திடு," என்றார் மேடம்.

"பத்தே முக்காலுக்கு ஒன்பதுதானே மேடம் இருந்துச்சு. கீழ இன்னிக்குத் தேதி போட்டுப் பதினாலுன்னு சேர்க்கறேன்."

இரண்டு எண்ணும்தான் போயின.

இன்னொரு முறை ஓர் அம்மா, தன் மகன் விழுந்து கை உடைந்த நாளில் காயப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். அந்தப் பக்கத்தில் வேறு ஏழு பிள்ளைகளின் பெயர்களும் இருந்தன. அவற்றை அந்த அம்மாவுக்குக் காட்டக் கூடாது. தங்கை வழக்கப்படி நகல் எடுத்து மற்ற பெயர்களைக் கறுப்பு மையால் அடித்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று என்னிடம் கொண்டுவந்தாள். நான் தாளைச் சன்னலில் ஒட்டிப் பிடித்தேன். ஏழு பெயரும் வெளிச்சத்தில் தெரிந்தன. "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறியாடி?" என்றேன். ஒரு கெட்டி அட்டையில் ஒரே ஒரு வரி அளவுக்குச் சன்னல் வெட்டிக் கொடுத்தேன். அதைப் பக்கத்தின் மேல் வைத்து நகல் எடுத்தால், கேட்டவருடைய வரி மட்டும் விழும். அந்த அட்டைக்கும் எனக்கு ரசீது கொடுத்தாள்: "சன்னல் அட்டை, ஒன்று." இன்னும் என் நோட்டுக்குள் இருக்கிறது.

இனி நான் எழுத வந்த விஷயம். இதில் ஒரு தப்பு உண்டு. அது என்னுடையது.

போன வருடம், ஒரு மாதத்தின் மூன்றாம் தேதி, ஒரு பெயிண்டர் பள்ளி அலுவலகத்துக்கு வந்தார். பாலங்களுக்கும் விளக்குக் கம்பங்களுக்கும் வண்ணம் அடிக்கும் அரசுத் துறையில் வேலை. கழுவியும் போகாத சாம்பல் நிறம் நகக்கண்ணில் இருந்தது. வந்தவர் தங்கையைப் பார்ப்பதற்கு முன் சுவரைப் பார்த்தார்.

"ஒரே கோட்டு பெயிண்ட் அடிச்சிட்டுப் போயிருக்கான்," என்றார்.

"எனக்கு அது தெரியாதுங்க. உங்களுக்கு என்ன வேணும்?"

"நான் இங்க ரெண்டாங்கிளாஸ் படிச்சேம்மா. ஐம்பது வருஷம் இருக்கும். பாதி வருஷத்துல வந்து சேர்ந்தேன். என்னிக்குப் பொறந்தேன்னு உங்க புஸ்தகத்துல எழுதியிருப்பாங்க. அது வேணும்."

தங்கை தாளை எடுத்துக் குறித்துக்கொண்டாள். வருடத்தையும் விலாசத்தையும் கேட்டாள்.

"எதுக்குன்னு கேக்கலையே?"

"கேக்கறதில்லை."

"கேக்காட்டியும் சொல்லிடறேன். சொல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது."

அவர் வேலைக்குச் சேர்ந்தபோது பிறந்த தேதிக்கு ஆதாரம் இல்லை. உருவத்தைப் பார்த்து யாரோ ஒரு தேதியை எழுதிவிட்டார்கள். அந்தக் கணக்குப்படி இந்த மாதக் கடைசியில் அவருக்கு அறுபது. வேலை முடிந்தது. உண்மையில் அவருக்கு அறுபதாக இன்னும் இரண்டு வருடம் நாலு மாதம் இருக்கிறது என்று அவருடைய அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா சொன்னதைத் துறை ஏற்காது. பள்ளிப் பதிவேடு இருந்தால் ஏற்கும். முப்பதாம் தேதிக்குள் கொண்டுவா என்றிருக்கிறார்கள். கடைசி மகள் இன்னும் படித்துக்கொண்டிருந்தாள்.

தங்கை ரசீது கொடுத்தாள். மறுநாளே சேர்க்கைப் பதிவேட்டை எடுத்தாள். அந்த வருடத் தொடக்கத்தில் சேர்ந்த பிள்ளைகள் வரிசையாக இருந்தார்கள். பாதி வருடத்தில் சேர்ந்தவர் ஒருவர்கூட இல்லை. அதற்கு முந்தின வருடமும் அப்படி, அடுத்த வருடமும் அப்படி. பிறகு எட்டு நாள் தேடினாள்.

இல்லை என்று சொல்ல வேண்டி வந்தால் அந்த ஒரு சொல்லோடு அவள் விடுவதில்லை. எங்கெங்கே தேடினேன் என்று எழுதுவாள். கேட்டவர் அதைப் படித்து, "அந்த இடத்தில் பார்த்தீர்களா" என்று திருப்பிக் கேட்க ஒரு வழி இருக்க வேண்டும் என்பது அவள் கட்சி. பெயிண்டருக்கும் அப்படித்தான் எழுதினாள். இரும்பு அலமாரி இரண்டு, அறிவியல் கூடத்துப் பரண், மாடிப்படிக்குக் கீழே உள்ள மரப்பெட்டி, தலைமையாசிரியை அறை என்று ஒன்பது இடம். ஒன்பதிலும் இல்லை. பன்னிரண்டாம் தேதி அவர் அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு போய்த் துறையில் கொடுத்தார். கொடுக்காமல் இருக்க முடியாது. என்ன பதில் வந்தாலும் காட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை என் வீட்டுக்கு வந்தாள். நான் பிரசுரம் ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தேன். அவள் எதிரில் உட்கார்ந்து தாள் மடித்துக் கொடுத்தாள். முகம் சரியில்லை.

"ஏண்டி, கப்பல் கவுந்த மாதிரி உக்காந்திருக்க?"

"ஒரு பதில் குடுத்தேன்க்கா. அது தப்போன்னு இருக்கு."

பதில் போன பிறகுதான் பள்ளியில் முன்பு பியூனாக இருந்த ஒரு முதியவரைப் பார்த்தாளாம். அந்தக் காலத்து எழுத்தர், நடுவில் சேருகிறவர்களைப் பதிவேட்டில் எழுத மாட்டார், தனித்தாளில் எழுதுவார் என்று அவர் சொன்னார். சிவப்பு மையால் தானே கோடு போட்டு எழுதி, நாலாக மடித்துப் பதிவேட்டின் கடைசியில் செருகி வைப்பாராம்.

"இருந்த தாள் எங்க போகும்? ஒன்பது இடத்துல தேடிட்டேன். இனிமே எங்க தேடறதுன்னு தெரியல."

"எலி தின்னிருக்கும்," என்றார் என் வீட்டுக்காரர். "எலிகிட்டயும் ரசீது வாங்கிடு."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. சிவப்புக் கோடு, நாலு மடிப்பு என்றதும் என் ஊசி நின்றுவிட்டது.

அவள் போன பிறகு பரணில் ஏறி, பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய நோட்டை எடுத்தேன். என் எழுத்துத்தான். "பள்ளி. பெரிய ஏடு ஒன்று. முதுகு துணி. மூலை தோல். அட்டைக்குள் பழைய தாள் இரண்டு." அப்போது தங்கை அந்தப் பள்ளியில் இல்லை. பதிவேடு கட்டு விட்டுப்போய் எங்கள் கடைக்கு வந்திருந்தது. பிரித்தபோது கடைசியில் மடித்த தாள்கள் இரண்டு விழுந்தன. விரித்து, "இதுல எழுத்து இருக்கே முதலாளி," என்றேன். "தைக்காத தாள் கழிவுதான். அட்டைக்குக் கொடு," என்றார். புது அட்டை வளையாமல் இருக்க உள்பக்கம் ஒரு பழைய தாளை ஒட்டி, அதன் மேல் வெள்ளைத் தாளை ஒட்டுவது வழக்கம். எழுத்து மேலே தெரியக் கூடாது என்று எழுதின பக்கத்தை அட்டையைப் பார்க்க வைத்து, முன்னால் ஒன்று பின்னால் ஒன்றாக ஒட்டினேன். அழகாகத்தான் ஒட்டினேன்.

அவள் ஒன்பது இடம் தேடியபோதெல்லாம் அந்தப் பதிவேட்டைத்தான் கையில் வைத்திருந்தாள். வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தப் பள்ளியின் பதிவேடுகளை வருடாவருடம் நான்தான் கட்டுகிறேன். பிள்ளைகளின் ஏட்டைப் பசை போட்டு மூடினவள் என்று பெயர் வந்தால் அடுத்த வருடம் யார் கொடுப்பார்கள்? அவளுக்கும் தலைகுனிவு ஆகுமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் போனது. செவ்வாய்க்கிழமை காலை, அவள் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அவள் வீட்டுக்குப் போய் நோட்டைக் காட்டினேன்.

படித்தாள். இரண்டு முறை படித்தாள்.

"எப்பத் தெரியும்?"

"ஞாயித்துக்கிழமை."

"அப்ப ஒரு நாள் போச்சு," என்றாள். நோட்டை மூடிக் கொடுத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

ஒருவர் கேட்ட கேள்வி முடியும்வரை அதற்கான பதிவேடு பள்ளி வாசலைத் தாண்டக் கூடாது என்பது அவள் விதி. சனிக்கிழமை நான் என் சாமான்களோடு அங்கே போனேன். எலும்புக் கத்தி, தூரிகை, ஒற்றுத் தாள், இரண்டு எடைக்கல். மேடமும் இருந்தார்.

"உங்க அக்காவா?" என்றார்.

"ஆமாம் மேடம். கட்டினவங்களும் அவங்கதான்."

மேடம் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

முன் அட்டையை முதலில் நனைத்தேன். ஈரம் அதிகமானால் மை ஓடிவிடும், குறைந்தால் தாள் கிழிந்துவிடும். துணியால் ஒற்றி, பொறுத்து, மறுபடி ஒற்றி, ஓரத்திலிருந்து கத்தியை விட்டேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. சிவப்புக் கோடு தெரிந்தது. பன்னிரண்டு பெயர். பெயிண்டர் பெயர் இல்லை, அது வேறு வருடம். தங்கை எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

பின் அட்டையில் இருந்தார். மேலிருந்து ஏழாவது வரி. அவர் பெயர், தகப்பனார் பெயர், பிறந்த நாள், மாதம் எல்லாம் இருந்தன. வருடத்தின் கடைசி எண் மட்டும் மை கலைந்து மங்கலாக இருந்தது. கீழ்ப்பாதி வளைவு தெரிந்தது, மேல்பாதி தெரியவில்லை. மூன்றாகவும் இருக்கலாம், ஐந்தாகவும் இருக்கலாம். மூன்று என்றால் அவருக்கு இன்னும் நாலு மாத வேலை. ஐந்து என்றால் அவர் அம்மா சொன்ன இரண்டு வருடம் நாலு மாதம்.

மேடம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "அஞ்சுதான். அஞ்சுன்னே எழுதிடு. பாவம், அந்த மனுஷன்."

"எனக்கும் அஞ்சுன்னுதான் படுது மேடம். ஆனா படுறதை எழுத முடியாது. கடைசி எண் தெளிவில்லைன்னு எழுதறேன்."

"இவ்வளவு தூரம் வந்துட்டு?"

"நாம அஞ்சுன்னு எழுதி, அவங்க தாளைப் பார்த்து மூணுன்னு சொல்லிட்டா, அந்த நாலு மாசமும் போயிடும் மேடம்."

நான் சாமானைக் கட்டினேன். புது அட்டை போடுவதற்காகக் கழற்றிய பழைய அட்டைகள் இரண்டையும் குப்பைக் கூடையில் போட்டேன். பசையில் ஊறிக் கறுத்துக் கிடந்தன. தங்கை கூடையிலிருந்து எடுத்தாள்.

"இது எங்க போகுது?"

"குப்பைக்குத்தான். வெச்சா பூஞ்சை பிடிக்கும்டி."

"பதிவேட்டோட பாகம்தானே?"

"உரிச்ச தோலை எடுத்து வெச்சு என்னடி பண்ணப் போற?"

"என்ன பண்ணப் போறேன்னு எனக்கும் தெரியாது. நீ குடு, ரசீது தரேன்."

"பழைய அட்டை, இரண்டு, சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து கழற்றியவை" என்று எழுதி, எண் போட்டு, அதே எண்ணை அட்டைகளின் பின்புறம் பென்சிலால் எழுதி, மேடத்திடம் சுருக்கொப்பம் வாங்கி, வெயில் படாத இடத்தில் காயப்போட்டாள். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அடுத்த வேலை நாளில் பதில் எழுதும்போது மேடத்துக்கும் அவளுக்கும் பேச்சு நீண்டது. நகலை மட்டும் கொடுத்தால் போதாதா, எப்படிக் கிடைத்தது என்று எதற்கு எழுத வேண்டும், நம் தப்பை நாமே ஊருக்குப் படித்துக் காட்டுவதா என்பது மேடத்தின் வாதம்.

"மேடம், பன்னெண்டாம் தேதி நான் இல்லைன்னு எழுதின தாள் அவங்க ஆபீஸ்ல இருக்கு. இப்ப இருக்குன்னு இன்னொரு தாள் போகுது. நடுவுல என்ன நடந்துச்சுன்னு சொல்லலைன்னா, அவர் யாரையோ பிடிச்சு எழுதி வாங்கினாருன்னுதானே நினைப்பாங்க? நம்ம தப்பை மறைச்சா அது அவர் தலையில விழும்."

மேடம் பேனாவை எடுத்துக்கொண்டார். "உங்க அக்காதான்னும் எழுதணுமா?"

"அதைத்தான் முதல்ல எழுதணும். நாம எழுதாம அவங்களாக் கண்டுபிடிச்சா மொத்தமும் பொய்யாயிடும்."

எழுதினாள். "மேற்படி பதிவேட்டைக் கட்டியவர் இந்த எழுத்தரின் உடன்பிறந்த அக்கா" என்று அலுவலகத் தாளில் என்னை எழுதினாள். நானும் ஒரு வாக்குமூலம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. நோட்டில் ஒரு வரிக்கு மேல் எழுதிப் பழகாதவள், ஒன்றேகால் பக்கம் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை தெரிந்ததைச் செவ்வாய்க்கிழமை சொன்னேன் என்பதையும் எழுதினேன். அவள் கேட்கவில்லை, நானாக எழுதினேன். என் சன்னல் அட்டையைத் தாளின் மேல் வைத்து ஏழாவது வரியை மட்டும் நகல் எடுத்தாள். மற்ற பிள்ளைகளுக்கும் இப்போது ஐம்பதுக்கு மேல் வயது இருக்கும். அவர்களுடைய பிறந்த தேதி அவர்களுடையது.

பெயிண்டர் பதிலைக் கவுண்டரிலேயே நின்று படித்தார். "தெளிவில்லைன்னு போட்டுட்டீங்களேம்மா," என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

"ஆமாங்க. அசல் தாளை நேர்ல வந்து பார்க்கலாம்னும் போட்டிருக்கேன்."

இருபத்தெட்டாம் தேதி அவருடைய துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். எழுத்தரும் கட்டினவரும் அக்கா தங்கை என்று படித்ததும் அவருக்கு மூக்கு வேர்த்துவிட்டது. என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். பெயிண்டரும் வந்து ஓரமாக நின்றார். அதிகாரி தாளை வெளிச்சத்தில் பிடித்தார், கிட்டே வைத்தார், தள்ளி வைத்தார்.

"எனக்கு மூணுன்னு தெரியுது," என்றார். "சரி, மூணோ அஞ்சோ, இந்தத் தாள் அட்டைக்குள்ளதான் இருந்துச்சுன்னு நான் எப்படி நம்பறது? நீங்க ரெண்டு பேரும் சொல்றீங்க. ஒரே வீட்டு ஆளுங்க."

தங்கை பதிவேட்டைத் திறந்து, அட்டைகளுக்குப் போட்ட எண்ணையும் மேடத்தின் சுருக்கொப்பத்தையும் காட்டினாள். பிறகு அலமாரியைத் திறந்து அட்டைகளை எடுத்து மேசையில் வைத்தாள்.

அன்று ஈரத்தில் கறுத்துக் கிடந்த அட்டை இப்போது நன்றாகக் காய்ந்து வெளுத்திருந்தது. அதன் மேல் நீலமாக ஏதோ கிறுக்கல். அதிகாரி, "இது என்ன மொழி?" என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் காலத்துப் பேனா மை. நான் எழுத்துப் பக்கத்தை அட்டையைப் பார்க்க ஒட்டியிருக்கிறேன். பசை ஈரத்தில் மை தாளை விட்டு அட்டையில் இறங்கியிருக்கிறது. தாளில் எவ்வளவு குறைந்ததோ அவ்வளவும் இங்கே இருக்க வேண்டும்.

"நம்ம மொழிதான் சார்," என்றேன். "இடம் வலமா மாறியிருக்கு. கண்ணாடி வெச்சுப் பாருங்க."

தங்கை கைப்பையிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்தாள். ஒரு மூலை உடைந்தது. அதிகாரி அதை அட்டையின் ஓரத்தில் நிமிர்த்திப் பிடித்து, குனிந்து, ஒவ்வொரு வரியாக எண்ணினார். ஐந்து, ஆறு என்று வாய்க்குள் சொன்னது கேட்டது. ஏழில் நின்றார். வெகுநேரம் குனிந்தே இருந்தார். பிறகு கண்ணாடியை மேடத்திடம் கொடுத்தார்.

"மேல நேர் கோடு இருக்கு," என்றார் மேடம். "மூணா இருந்தா வளைஞ்சிருக்கும்."

"அஞ்சு," என்றார் அதிகாரி. "இந்த மாதிரி ஊறி இறங்கணும்னா வருஷக்கணக்கா ஒட்டியிருக்கணும். ராத்திரியோட ராத்திரியாப் பண்ணினது இல்லை." பிறகு என்னைப் பார்த்து, "நீங்க ஒட்டினது தப்புதான். ஆனா நல்லா ஒட்டியிருக்கீங்க," என்றார்.

பெயிண்டரைக் கூப்பிட்டு, அவரையும் பார்க்கச் சொன்னார்கள். அவர் உடனே வரவில்லை. கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தார். "அம்மா சரியாத்தான் சொல்லியிருக்கா," என்று மட்டும் சொன்னார்.

அட்டையையும் தாளையும் அதிகாரி அங்கேயே படம் எடுத்து, இரண்டையும் பார்வையிட்டதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்குத் தங்கை ரசீது எழுதி நீட்டினாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்தார். முப்பதாம் தேதி மாலை உத்தரவு வந்தது. பெயிண்டர் இன்றுவரை கம்பங்களுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருக்கிறார்.

அந்த வருடமும் பள்ளிப் பதிவேடுகள் என்னிடம்தான் வந்தன. மேடம் ஒரு நிபந்தனை வைத்தார், அதைத் தங்கையே எழுதிக் கொண்டுவந்தாள். கட்டுவதற்கு முன் பதிவேட்டிலிருந்து விழுகிற ஒவ்வொரு தாளையும், வெறும் தாளாக இருந்தாலும், எண்ணித் திருப்பித் தர வேண்டும். அட்டைக்குள் இப்போது வெள்ளைத் தாள் மட்டும்தான் போடுகிறேன்.

"இல்லை" என்று பதில் எழுதுவதற்கு அவளிடம் ஒரு படிவம் இருக்கிறது. தேடிய இடங்கள் என்று தலைப்பு, அதன் கீழே ஒன்பது வரி. போன மாதம் புதிதாக அச்சடித்து, கட்டிக் கொடுக்கச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தாள். பத்தாவதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: பதிவேட்டின் அட்டைக்குள்.

"இதை எதுக்குடி அச்சடிச்ச? இனிமேதான் யாரும் அப்படி ஒட்டப் போறதில்லையே," என்றேன்.

"உனக்கு முன்னாடி கட்டினவங்க இருக்காங்களே," என்றாள். மேசையில் எட்டுப் பழைய பதிவேடுகளை அடுக்கினாள். "இதெல்லாம் நீ கட்டினது இல்லை. மெதுவாப் பிரிச்சுப் பாரு. அட்டையைத் தூக்கிப் போடாத."

எட்டுக்கும் ரசீது எழுதி வாங்கிக்கொண்டுதான் போனாள்.